ஒற்றைக் கால் பாடம்

காட்டுக்குள் இருந்த பெரிய ஏரியின் கரையில், மருத மரத்தடியில், அன்று இருந்தவர்கள் இவர்கள்: வாத்தியார் கொக்கு ஒருவர். தலைவி காட்டெருமை ஒருவர். சின்ன வகுப்பில் முயல் குட்டிகள் நான்கு, கௌதாரிக் குஞ்சுகள் ஐந்து, முள்ளம்பன்றிக் குட்டி ஒன்று. நடு வகுப்பில் இளங்குரங்குகள் மூன்று, மான் கன்றுகள் இரண்டு, எதிர்த்துப் பேசும் வயதில் ஒரு நண்டு. பெரிய வகுப்பில் ஆமை, சாரைப்பாம்பு, உடும்பு, கிழட்டு நரி. இவர்களைத் தவிர ஒரு மரவட்டை. அது எந்த வகுப்பு என்று கடைசிவரை முடிவாகவில்லை. ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர்.

முள்ளம்பன்றிக் குட்டியின் தாய் சற்றுத் தள்ளி ஈச்சம்புதருக்குப் பின்னால் நின்றாள். தேர்வு நாளில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது. அதனால் அவளை எண்ணவில்லை.

அது புரட்டாசி மாதக் கடைசி. ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஏரி நிறைந்து கரை மறையும். அப்போது ஏரி நடுவில் இருக்கும் மேடு ஒன்றுதான் நனையாமல் நிற்கும். காட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் ஏறிக்கொள்வார்கள். மேட்டில் யாரும் யாரையும் தின்பதில்லை என்பது பழைய வழக்கம். ஆனால் இடம் குறைவு. ஒருவர் மூச்சு விட்டால் அடுத்தவர் முதுகில் படும். அதிலும் தலைவி படுத்தால் மேட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதைச் சொல்ல யாரும் துணிந்ததில்லை.

போன மழையில் மேட்டில் அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தலைவி திடீரென்று அலறிக்கொண்டு எழுந்து குதித்தார். அந்தக் குதிப்பில் பதினொரு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். எட்டுப் பேர் திரும்ப ஏறிவிட்டார்கள். மூன்று பேரை வெள்ளம் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. அவர்கள் தை மாதத்தில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

"என்ன ஆயிற்று தலைவி?" என்று அன்று எல்லாரும் கேட்டார்கள்.

"பின்பக்கம் ஏதோ குத்தியது" என்றார் தலைவி.

பின்பக்கம் நின்றிருந்தவர்கள் முள்ளம்பன்றிகள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்று முதல் முள்ளம்பன்றி வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. அவர்கள் வளைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

கோடையில் சபை கூடி ஒரு சட்டம் போட்டது. கோபத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே மேட்டில் இடம். எல்லாரும் பாடம் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும். மூன்று முறை தவறினால் மேட்டில் ஏற முடியாது. வேறு எங்கே போவது என்று சட்டத்தில் இல்லை.

வாத்தியாராகக் கொக்கை வைத்தார்கள். ஏனென்றால் அவர் பதறி யாரும் பார்த்ததில்லை.

கொக்கு வாத்தியாருக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். "கோபம் வந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். கோபம் இறங்கிய பிறகு காலை இறக்குங்கள். நான் இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்."

இதையே சின்ன வகுப்புக்கும் சொன்னார், நடு வகுப்புக்கும் சொன்னார், பெரிய வகுப்புக்கும் சொன்னார்.

முயல் குட்டிகள் ஒரு காலைத் தூக்கி, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, அதனாலேயே சண்டை போட்டுக்கொண்டன. கௌதாரிக் குஞ்சுகள் ஒற்றைக் காலில் நின்றதும் தூங்கிவிட்டன. "இதுதான் அமைதி" என்று வாத்தியார் ஐந்துக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

"எந்தக் காலை ஐயா?" என்று கேட்டது மரவட்டை.

"உன் விருப்பம்."

மரவட்டை யோசிக்கத் தொடங்கியது. வகுப்பு முடியும்வரை யோசித்தது. கோபப்பட அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அதுவும் தேறியது.

சாரைப்பாம்பிடம் வந்ததும் வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஏட்டில் இப்படிக் குறித்துக்கொண்டார்: 'இவருக்குக் கால் இல்லை. ஆகையால் கோபமும் இல்லை.'

"நல்ல கணக்கு" என்றார் சாரைப்பாம்பு.

கிழட்டு நரி ஒற்றைக் காலில் அழகாக நின்றார். நின்றபடியே கௌதாரிக் குஞ்சுகளை ஒன்று, இரண்டு என்று கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். "ஐயா, அவர் பார்வையைப் பாருங்கள்" என்றான் நண்டு. "பாடத்தில் கால்தான் இருக்கிறது. கண் இல்லை" என்று சொல்லிவிட்டார் வாத்தியார்.

எல்லாரையும்விட அதிகப் பாராட்டு ஆமைக்கு. யார் என்ன சொன்னாலும் அவர் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. "நீங்கள் எல்லாரும் ஒரு காலைத் தூக்கவே திணறுகிறீர்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தூக்கியவர் இவர் ஒருவர்தான்" என்று வாத்தியார் மூன்று வகுப்புக்கும் அவரைக் காட்டினார்.

முள்ளம்பன்றிக் குட்டியின் பெயர் ஈச்சி. ஈச்சம்புதரில் பிறந்ததால் அந்தப் பெயர். அவள் இரண்டு முறை தவறிவிட்டாள். முதல் முறை அவள் முள் சிலிர்த்து ஒரு முயல் குட்டியின் காதில் குத்தியது. இரண்டாம் முறை வாத்தியாரின் முழங்காலிலேயே குத்தியது. இன்று மூன்றாவது முறை.

தேர்வு இப்படித்தான் நடக்கும். ஒருவரை நடுவில் நிறுத்துவார்கள். மூன்று குரங்குகளும் சேர்ந்து அவரைச் சீண்டும். அவர் கோபப்படாமல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். குரங்குகளுக்கு மட்டும் தேர்வு இல்லை. அவர்களைச் சீண்ட ஆள் கிடைக்கவில்லை.

மற்றப் பதினேழு பேரும் முடித்த பிறகு ஈச்சியை அழைத்தார்கள். அவள் நடுவில் வந்து வலது முன்காலைத் தூக்கிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு மிச்சம் மூன்று கால்கள் இருந்தன. சின்னவள் என்பதால் வாத்தியார் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஏய், ஊசிக் கட்டு" என்றான் மூத்த குரங்கு.

ஈச்சி அசையவில்லை.

"உங்கள் வீட்டில் சோறு பரிமாறுவது எப்படி? முதுகிலேயே குத்திக் குத்தி எடுத்துக்கொள்வீர்களா?" என்றான் இரண்டாவது குரங்கு.

நடு வகுப்பு சிரித்தது. ஈச்சி அப்போதும் அசையவில்லை.

கடைக்குட்டிக் குரங்கு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "நீ தேறினாலும் உன்னை மேட்டில் விடமாட்டார்கள் தெரியுமா? தலைவியைக் குத்தியது உன் அம்மாதானே. உங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் தள்ளிவிடப்போகிறார்கள்."

சட்டென்று ஈச்சியின் முட்கள் எழுந்து நின்றன. ஐம்பத்திரண்டு முள்ளும் நின்றன. உடம்பு நடுங்கியது. கடைக்குட்டிக் குரங்கு மரத்தில் பாதி தூரம் ஏறிவிட்டான்.

"கோபம்" என்றார் வாத்தியார். "தேறவில்லை."

"கோபம் இல்லை ஐயா" என்றாள் ஈச்சி.

"பின்னே இந்த முள் எல்லாம் எதற்கு நிற்கிறது?"

"தெரியவில்லை ஐயா. வயிற்றுக்குள் குளிர்கிறது. அப்போது அதுவாகவே நிற்கிறது."

வாத்தியார் ஏட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். "வயிற்றுக்குள் குளிர்வது பாடத்தில் இல்லையே அம்மா. கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இது கோபமாகத்தான் இருக்க வேண்டும்."

தலைவி தொண்டையைச் செருமினார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். மூன்று முறை ஆகிவிட்டது. பெயரை எடுத்துவிடுங்கள்."

ஈச்சம்புதருக்குப் பின்னால் தாய் நின்ற இடத்தில் சருகு ஒருமுறை சலசலத்தது.

"ஒரு நிமிஷம்" என்றான் நண்டு. அவன் எதையும் ஒரு நிமிஷத்தில் முடித்ததில்லை. "எல்லாருக்கும் ஒன்று என்றால், வாத்தியாருக்கும் தேர்வு உண்டா?"

"அவர்தானப்பா பாடம் சொல்பவர்."

"மேட்டில் அவரும்தானே ஏறப்போகிறார்?"

தலைவி யோசித்தார். "முறைதான்" என்றார்.

கொக்கு வாத்தியார் ஒன்றும் பதறவில்லை. நடுவில் வந்தார். இடது காலை மடக்கி வயிற்றுக்குள் சேர்த்துக்கொண்டார். மூன்று குரங்குகளும் கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். இப்படி ஒரு நாள் வரும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை.

"வாத்தியாரே, அது காலா, இல்லை குச்சி நட்டு வைத்திருக்கிறார்களா?"

வாத்தியார் ஏரியைப் பார்த்தார்.

"நேற்று ஒரு மீன் உங்களைப் பார்த்துச் சிரித்ததாமே?"

வாத்தியார் வானத்தைப் பார்த்தார். பெரிய வகுப்பு பெருமையோடு தலையாட்டியது. நரி, "இவரல்லவா வாத்தியார்" என்றார்.

கடைக்குட்டிக் குரங்குக்குச் சீண்டத் தோன்றவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டான். "ஐயா, பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டு உங்களுக்குப் பதிலாக நீர்க்காகத்தை வாத்தியாராக வைக்கப்போவதாகச் சொல்கிறார்களே. அப்புறம் நீங்கள் என்ன வேலை பார்ப்பீர்கள்?"

கொக்கின் கழுத்தில் ஒரு இறகு எழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு பிடரி, முதுகு, மார்பு என்று எல்லா இறகும் எழுந்து நின்றன. மடக்கிய கால் மடங்கித்தான் இருந்தது. நின்ற கால் நடுங்கியது.



ஈச்சி வாத்தியாருக்கு அருகே வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கும் வயிற்றுக்குள் குளிர்கிறதா?"

வாத்தியார் தலைவியைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். பிறகு ஈச்சியைப் பார்த்தார். மடக்கிய காலை மெதுவாக இறக்கி இரண்டு காலிலும் நின்றார்.

"ஆமாம் அம்மா. குளிர்கிறது."

"அதற்கு என்ன பெயர் ஐயா?"

"பயம்."

"பயமா?" ஈச்சி அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "எனக்கும் அதுதான் ஐயா. அம்மாவைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள் என்று பயம்."

சொல்லச் சொல்ல அவள் முட்கள் படியத் தொடங்கின. முதுகில் இருந்தவை முதலில், வாலருகில் இருந்தவை கடைசியில். ஐம்பத்திரண்டும் படிந்துவிட்டன. வாத்தியார் அதை ஏட்டில் குறிக்கப் போனார். எந்தப் பக்கத்தில் குறிப்பது என்று தெரியாமல் ஏட்டை மூடிவிட்டார்.

அப்போது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அது பயமா? நான் இத்தனை நாளாக அஜீரணம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். ஆமை முதலில் மூக்கை நீட்டினார். பிறகு தலையை நீட்டினார்.

"உங்களுக்கு என்ன பயம் ஆமையாரே? முழு மதிப்பெண் வாங்கியவர் நீங்கள்" என்றார் உடும்பு.

"உள்ளே இருந்தவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது பார்த்தீர்களா? திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார் ஆமை. "ஒருவரை விடாமல் திட்டினேன். வாத்தியாரைக்கூட."



"தலைவி" என்றார் ஆமை. கழுத்து மறுபடி உள்ளே போகப் பார்த்தது. அவர் போகவிடவில்லை. "போன மழையில் மேட்டில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், நினைவிருக்கிறதா?"

"வடக்கு ஓரத்தில். ஒரு கல் மேல்."

"அது கல் இல்லை. நான்."

தலைவியின் வாயில் அசை போட்டுக்கொண்டிருந்த புல் அப்படியே நின்றது.

"எத்தனை நேரம்?"

"இரண்டு பகல், இரண்டு இரவு. முதல் நாள், இப்போது எழுந்துவிடுவீர்கள் என்று இருந்தேன். இரண்டாம் நாள், சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நீங்கள் தலைவியாயிற்றே என்று மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் எனக்கு என்ன வந்ததென்று எனக்கே தெரியவில்லை. கடித்துவிட்டேன்."

"குத்தியது நீரா?" என்றார் தலைவி.

"குத்தவில்லை. கடித்தேன். முள்ளம்பன்றிகள் பக்கத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். எல்லாரும் அவர்களைச் சொன்னபோது நான் ஓட்டுக்குள் போய்விட்டேன். ஒரு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன்."



"நகரச் சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பேனே" என்றார் தலைவி.

"நிஜமாகவா?" என்றார் சாரைப்பாம்பு.

தலைவி நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "நகர்வதைப் பற்றி யோசித்திருப்பேன்" என்றார்.

பிறகு அவர் எழுந்தார். ஈச்சம்புதர்வரை நடந்துபோனார். புதருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார்.

"பழி உன் மேல் விழுந்துவிட்டது. தப்பு என்னுடையது."

"ஒரு வருஷம் ஆயிற்று" என்றாள் ஈச்சியின் தாய்.

"ஆயிற்று."

"யார் குத்தியது என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றார் தலைவி. "உள்ளே வா."

தாய் உள்ளே வந்தாள். இப்போது இருபத்து நான்கு பேர். ஈச்சி ஓடிப்போய் அம்மாவின் மூக்கோடு மூக்கை உரசினாள். முதுகோடு உரசுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

"ஈச்சிக்கு மேட்டில் இடம் உண்டு" என்றார் தலைவி. "அவள் அம்மாவுக்கும் உண்டு. தேர்வு ரத்து. ஆனால் வாத்தியாரே, பாடம் நடக்க வேண்டும். மழைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நெருக்கத்தில் எப்படி இருப்பது என்று தெரியாமல் இத்தனை பேரும் அங்கே ஏறினால், இந்த முறை யார் யாரைக் கடிப்பார்களோ."

"நீர்க்காகம்...?" என்று இழுத்தார் வாத்தியார்.

"நீர்க்காகம் வேண்டாம். உமக்குக் குளிர்ந்ததை நீர் ஒத்துக்கொண்டீர். அது போதும்."

வாத்தியார் சின்ன வகுப்பின் நடுவில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "உங்களுக்கு எங்கே என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். பெயர் நான் சொல்கிறேன்" என்றார்.

"எனக்குக் காது சுடுகிறது" என்றது ஒரு முயல் குட்டி.

"எப்போது?"

"அண்ணன் என்னை விட்டுவிட்டு விளையாடும்போது."

"அது பொறாமை. வந்தால் தப்பில்லை. அண்ணனிடம் 'என்னையும் சேர்த்துக்கொள்' என்று சொல்."

தூங்கி எழுந்த கௌதாரிக் குஞ்சு ஒன்று, "எனக்கு அழுகை அழுகையாக வருகிறது" என்றது.

"எப்போது?"

"இப்போது. பசிக்கிறது."

"பசிக்குப் பெயர் பசிதான்" என்றார் வாத்தியார். ஐந்து குஞ்சுகளையும் தின்ன அனுப்பிவிட்டார். பசித்த பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து நடு வகுப்புக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். மான் கன்றுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குரங்குகள் சொறிந்துகொண்டார்கள்.

"எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றான் நண்டு.

"ஒன்றுமே இல்லையா?"

"எல்லார் முன்னாலும் கேட்டால் ஒன்றும் இல்லை."

"தனியாகக் கேட்டால்?"

நண்டு பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தான். "யோசிக்கலாம். நீங்கள் உடனே புத்தி சொல்ல ஆரம்பிக்கவில்லை என்றால்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. உடனே புத்தி சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தார். அதை மூடிக்கொண்டார். "சரி. நாளை முதல் நடு வகுப்புக்கு ஒவ்வொருவரோடும் கரை ஓரமாக ஒரு நடை. நான் பாதி தூரம் பேசமாட்டேன்."

"முக்கால் தூரம்" என்றான் நண்டு.

"முக்கால் தூரம்."

மறைந்து போக வழியில்லாமல் கடைக்குட்டிக் குரங்கு ஈச்சியின் முன்னால் வந்து நின்றான். "நான் சொன்னது தப்பு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எந்தச் சொல்?" என்று கேட்டாள் ஈச்சி.

"அம்மாவைப் பற்றிச் சொன்னது. ஊசிக் கட்டு என்றது அண்ணன்."

ஈச்சி அந்த மன்னிப்பை ஒருவாறு ஏற்றுக்கொண்டாள்.

கடைசியில் பெரிய வகுப்பு. அங்கே எதையும் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆமை ஏற்கெனவே தொடங்கியிருந்தார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. அதில் எழுபது வருஷத்துக் குறை ஓட்டுக்குள் வரிசை கெடாமல் இருந்தது. முதல் குறை, அவர் மேல் காயப்போட்ட துணிபோல் உடும்பு படுத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. இரண்டாவது, நரி அவரைப் புரட்டிப்போட்டுவிட்டு, காற்றுதான் புரட்டியது என்று சொன்னது. இந்த இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள். மூன்றாவது குறையில் முயல் குட்டிகள் போயின. ஐந்தாவதில் மான் கன்றுகள். ஏழாவதில் குரங்குகளும் நண்டும். ஒன்பதாவதில் ஈச்சியும் தாயும் போனார்கள். பாதையில் இருந்த புல்லை முன்னால் நடந்து மிதித்துக் கொடுத்தார் சாரைப்பாம்பு, மிதிக்கக் கால் இல்லாவிட்டாலும். மரவட்டையும் அவர்களோடு போயிற்று.

பொழுது சாயும்போது ஆமை பதினெட்டாவது குறைக்கு வந்திருந்தார். அதுவும் தலைவியைப் பற்றியதுதான்.

"தலைவி, உங்களுக்கு நேரமானால் நாளைக்குச் சொல்கிறேன்" என்றார் ஆமை.

"இல்லை, சொல்லும்" என்றார் தலைவி. அவருக்கு அது கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழவில்லை.

வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் படித்த பாடம் அதுதான்.

மனத்தை அடக்கு என்று எல்லா வயதினருக்கும் ஒரே பாடம் சொல்வதைவிட, மனத்தில் இருப்பது இன்னதென்று அவரவர் வயதுக்குத் தக்கபடி சொல்லவிட்டுக் கேட்பதே நல்ல பாடம். சொல்லாமல் அடக்கியது ஒருநாள் கடிக்கும்.

அன்று மருத மரத்தடியில் கடைசியாக மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர்.